கதிர்த்துகளின் முகவரி

சென்னையில் இரண்டாவது மாடியில், இரண்டு அறையும் ஒரு கூடமுமாக இருக்கும் சின்ன வீடு எங்களுடையது. கூடத்தில் ஐந்துக்கு ஏழு அடியில் ஒரு கம்பளம் கிடக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் பதோஹியில் கையால் முடிச்சிட்டு நெய்தது. கல்யாணத்துக்கு வந்த பரிசு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதைச் சுருட்டித் தூக்கிப் பால்கனிக் கம்பிமேல் போட்டு, பையனின் கிரிக்கெட் மட்டையால் நாலு சாத்து சாத்தினேன். புகைபோலக் கிளம்பியது தூசி. பார்க்கவே அவ்வளவு திருப்தி. ஐந்து நிமிஷம் ஆகவில்லை, கீழ்வீட்டு அக்கா படியேறி வந்துவிட்டார். கையில் ஈர வேட்டி, அதன்மேல் பழுப்பாக ஒரு படிவு.

"தம்பி, உங்க வீட்டு மண்ண நான் துவைச்சுக்கிட்டு இருக்கேன். இது ரெண்டாவது தடவை."

மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு யோசித்தபோது, அக்கா சொன்னதில் கோபத்தைவிட இயற்பியல் அதிகம் என்று தோன்றியது. நான் கம்பளத்தைச் சுத்தம் செய்யவில்லை. என் தூசியின் முகவரியை ஒரு மாடி கீழே மாற்றியிருக்கிறேன், அவ்வளவுதான். முற்றமும் கொல்லையும் இருந்த வீட்டில் 'வெளியே' என்று ஓர் இடம் இருந்தது. அடுக்குமாடியில் நமக்கு வெளியே என்பது இன்னொருவருக்கு உள்ளே. அப்படியானால் ஒரு சின்ன வீட்டில் தூசியை எங்கேதான் அனுப்புவது? இந்தக் கேள்வியின் வால் பிடித்துப் போனால், லண்டனில் ஒருவர் கைக்குட்டையை வாயில் வைத்து நாற்காலியை உறிஞ்சிய கதை வரை போகலாம். அதற்கு முன், தூசி என்பது எவ்வளவு சிறியது என்று பார்த்துவிடுவோம்.

மாலை நாலு மணிக்கு எங்கள் கூடத்து ஜன்னலின் இடுக்கு வழியாக ஒரு வெயில் கற்றை சாய்ந்து விழும். அதில் மிதந்து மினுங்குகிற துகள்களுக்குத் தமிழில் பெயரே உண்டு: கதிர்த்துகள், அல்லது கதிரெழு துகள். கணக்கதிகாரம் போன்ற பழைய கணித நூல்களின் நீட்டலளவை வாய்பாட்டில் அது ஓர் அலகு. எட்டு அணு ஒரு கதிரெழு துகள். எட்டு கதிரெழு துகள் ஒரு பஞ்சுத்துகள். எட்டு பஞ்சுத்துகள் ஒரு மயிர்முனை என்று அது ஏறிக்கொண்டே போகும். அதாவது ஒரு மயிரின் அகலத்துக்குள் 64 கதிர்த்துகள்களை வரிசையாக வைக்கலாம். தலைமயிரின் தடிமன் சுமார் 70 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 70-ஐ 64-ஆல் வகுத்தால் ஒரு மைக்ரானுக்குச் சற்று மேல் வருகிறது. வாய்பாட்டின் எல்லாப் படிகளும் இன்றைய அளவுகோலுக்கு ஒத்துவராது. ஆனாலும் இந்த இரண்டு படி பொருந்துவதைப் பார்த்தால் சிலிர்ப்பாகத்தான் இருக்கிறது. தனியாகக் கண்ணுக்குத் தெரியாமல், வெயில் பட்டால் மட்டும் மின்னிக் காட்டிக்கொடுக்கிற நுண்தூசியின் அளவு கிட்டத்தட்ட அதுதான்.

இதே வெயில் கற்றையை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுபோனவர் ஜான் டிண்டால். 1870 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தூசியையும் நோயையும் பற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவு பேர்பெற்றது. இருட்டறையில் பலமான ஒளிக்கற்றையைப் பாய்ச்சினார். தூசி மினுங்கியது. கற்றைக்குக் கீழே விளக்குச் சுடரை வைத்தார். சுடருக்கு மேலே கருப்பாகச் சுருள் சுருளாக ஏதோ எழுந்தது. புகை மாதிரி இருந்தாலும் அது புகை இல்லை. தூசி எரிந்து தீர்ந்துபோன வெறும் காற்று. ஒளியைச் சிதறடிக்க எதுவும் இல்லாததால் அந்த இடம் இருட்டாகத் தெரிந்தது. காற்றில் மிதக்கும் தூசியில் பெரும்பகுதி எரியக்கூடிய உயிர்ப்பொருள் என்பது அவருக்கே ஆச்சரியம்.

அதைவிட என்னை உறுத்துவது அவருடைய இன்னொரு சோதனை. ஒளிக்கற்றையின் குறுக்கே மெதுவாக மூச்சை வெளியே விட்டார். முதலில் வந்த காற்றில் தூசி மினுங்கியது. மூச்சின் கடைசிப் பகுதி, நுரையீரலின் ஆழத்திலிருந்து வந்த காற்று, கற்றையில் கருப்பாக ஒரு துளையை உண்டாக்கியது. உள்ளே போன தூசி உள்ளேயே தங்கிவிட்டது என்று பொருள். வீட்டில் வேறு வடிகட்டி இல்லாவிட்டால் வடிகட்டும் வேலையை நுரையீரல் எடுத்துக்கொள்கிறது. தூசியின் முகவரிகளில் அதுவும் ஒன்று.

சரி, மிதக்கிற தூசி எவ்வளவு நேரம் மிதக்கும்? நீரின் அடர்த்தி கொண்ட உருண்டைத் துகள் அசையாத காற்றில் விழுவதாக வைத்துக் கணக்குப் போடலாம். பத்தடி உயரக் கூரையிலிருந்து புறப்பட்டால் 100 மைக்ரான் துகள் 12 நொடியில் தரைக்கு வந்துவிடும். 10 மைக்ரான் துகளுக்குக் கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலாகும். ஒரு மைக்ரான் துகளுக்கு, நம் கதிர்த்துகளுக்கு, முழுசாக ஒரு நாள். அதுவும் காற்று அசையாமல் இருந்தால். ஃபேன் ஓடுகிற வீட்டில் அதற்கு இறங்கவே நேரம் கிடைக்காது. இதில் அன்றாடப் பாடம் ஒன்று இருக்கிறது. பெருக்கி முடித்த கையோடு மேசையைத் துடைப்பது பாதி வேலைதான். கால் மணி நேரம் கழித்துத் துடைத்தால், விழ வேண்டியதில் பெரும்பாலானது விழுந்திருக்கும். பெருக்கும்போது ஃபேனை நிறுத்தச் சொல்லும் பாட்டிமார்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. முடிவு தெரிந்திருந்தது.

விழுந்த தூசி வெறுந்தரையில் விழுந்தால் ஈரத்துணிக்கு வந்துவிடும். கம்பளத்தில் விழுந்தால் கதையே வேறு. சதுர அங்குலத்துக்கு 100 முடிச்சு என்று வைத்துக்கொண்டால்கூட, ஐந்துக்கு ஏழு அடிக் கம்பளத்தில் 5 லட்சம் முடிச்சு. ஒரு முடிச்சுக்கு இரண்டு நூல்முனை நிமிர்ந்து நிற்கும். ஆக 10 லட்சம் முனைகள் கொண்ட ஒரு காடு. அந்தக் காட்டின் அடிவாரத்துக்கு இறங்கிய துகளைக் காற்று எளிதில் தொட முடியாது, துடைப்பமும் எட்டாது. கிராமத்து வீட்டில் குதிர் இருக்கும். நெல்லை மேல்வாயில் கொட்டுவோம், எடுப்பது அடிவாயில். கம்பளமும் தூசிக்கு ஒரு குதிர்தான். மேலிருந்து சுலபமாகச் சேரும். மேலிருந்தே எடுக்க நினைத்தால் கொஞ்சம்தான் வரும்.

நூல் மறைத்துக்கொள்வது ஒரு பக்கம் என்றால், தூசியே விடாமல் ஒட்டிக்கொள்வது இன்னொரு பக்கம். எந்த இரண்டு பொருளும் மிக நெருங்கினால் அவற்றின் மூலக்கூறுகளுக்கு இடையே மெல்லிய ஈர்ப்பு உண்டாகும். வான் டெர் வால்ஸ் விசை என்பார்கள். துகள் சிறுத்தால் இந்த ஒட்டும் விசையும் குறையும், ஆனால் எடை அதைவிட வேகமாகக் குறையும். விட்டம் பத்தில் ஒன்றானால் ஒட்டும் விசை பத்தில் ஒன்று ஆகும். எடையோ ஆயிரத்தில் ஒன்று. எடையோடு ஒப்பிட்டால் பிடிப்பு நூறு மடங்கு கூடிவிட்டது. உதறினால் மணல் உதிரும், மாவு உதிராது. சமையலறையில் ரவை டப்பாவையும் மைதா டப்பாவையும் கவிழ்த்துப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை.

காற்றை வேகமாக விட்டால் பறந்துவிடாதா? தலைக்கு மேலே பாருங்கள். நாளெல்லாம் சுற்றுகிற மின்விசிறியின் இறக்கையில் விரலை வைத்தால் கருப்பாகத் தூசி. காற்றைத் துரத்துகிற அந்த இறக்கையிலேயே தூசி எப்படி உட்கார்ந்தது? ஒரு பரப்பை உரசிக்கொண்டு போகும் காற்றின் வேகம், பரப்பைத் தொடும் இடத்தில் பூஜ்யம். அதை ஒட்டிய மெல்லிய படலத்தில் காற்று தூங்கிக்கொண்டிருக்கும். நுண்தூசி அந்தப் படலத்துக்குள் பத்திரமாகக் குடியிருக்கிறது. இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன் தன் வகுப்புப் பாடத்தில் இந்த விசிறித் தூசியையே உதாரணமாக எடுத்துக்கொண்டார். ஆகவே ஊதினாலும் உறிஞ்சினாலும் காற்று மட்டும் போதாது. பிடிப்பை உடைக்க ஓர் உலுக்கல் வேண்டும். கிரிக்கெட் மட்டை செய்தது அதைத்தான்: நூல் சட்டென நகர்ந்தது, தூசி நின்ற இடத்திலேயே நின்று பிரிந்தது. என் தவறு அடித்ததில் இல்லை, அடித்த இடத்தில்.

இப்போது கைக்குட்டைக் கதை. 1901. லண்டனில் ஒரு மண்டபத்தில் புதுக் கருவி ஒன்றைச் செய்து காட்டினார்கள். அழுத்தக் காற்றைப் பீய்ச்சித் தூசியைக் கிளப்பி, ஒரு பெட்டிக்குள் விழவைக்கும் கருவி. பார்வையாளர்களில் ஹ்யூபர்ட் செசில் பூத் என்ற பொறியாளரும் இருந்தார். தூசியில் ஒரு பங்கு பெட்டிக்குள் போனது. மிச்சம் அறை முழுக்கப் பரவிப் பழைய இடத்துக்கே திரும்பியது. ஏன் ஊதுகிறீர்கள், உறிஞ்சக் கூடாதா என்று கேட்டார். முடியாது என்று பதில் வந்தது. சில நாள் கழித்து ஓர் உணவகத்தில், நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்க, கைக்குட்டையை வாய்மேல் வைத்து, மெத்தை வைத்த நாற்காலியில் வாயைப் பதித்து உறிஞ்சினார். மூச்சு முட்டியது. ஆனால் கைக்குட்டையின் மறுபக்கத்தில் வட்டமாகக் கருத்த ஒரு தடம். அதைத்தான் அவர் தேடினார்.

அந்த ஆண்டே காப்புரிமை வாங்கினார். அவருடைய இயந்திரம் குதிரை வண்டியில் வரும் பெரிய பெட்டி. தெருவில் நிற்கும், நீண்ட குழாய்கள் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் போகும். 1902-இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்கு முன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளத்தை அதுதான் சுத்தம் செய்தது. சில ஆண்டுகளில் அமெரிக்காவின் ஒஹையோவில், ஆஸ்துமாவோடு போராடிய ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்ளர் என்ற துப்புரவுப் பணியாளர், விசிறி மோட்டாரையும் துடைப்பக் கட்டையையும் தலையணை உறையையும் சேர்த்துக் கட்டிக் கையில் பிடிக்கும் கருவி ஒன்றைச் செய்தார். முன்னால் சுழலும் தூரிகையும் வைத்தார். 1908-இல் காப்புரிமை கிடைத்தது. தோல் பொருள் வியாபாரி வில்லியம் ஹூவர் அதை வாங்கினார். இங்கிலாந்தில் வாக்குவம் ஓட்டுவதற்கே அவர் பெயர் வினைச்சொல்லாகிப்போனது.

பூத்தின் பெருமையாக எல்லோரும் உறிஞ்சலைச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கைக்குட்டைதான் பெரிதாகப் படுகிறது. காற்றைத் தப்பவிட்டுத் தூசியை மட்டும் பிடித்துவைத்தது அதுதான். தூசிக்கு ஒரு நிரந்தர முகவரி கிடைத்தது.

உறிஞ்சலுக்கு ஒரு பலவீனம் உண்டு. மெழுகுவத்தியை ஓர் அடி தூரத்திலிருந்து ஊதி அணைக்கலாம். உறிஞ்சி அணைத்துப் பாருங்கள், உதடு சுட்டாலும் அணையாது. ஊதும் காற்று ஒரே திசையில் ஈட்டிபோலப் போகும். உறிஞ்சும் காற்று எல்லாத் திசையிலிருந்தும் வந்து சேரும். அதனால் குழாய் வாயின் விட்டம் அளவு தூரம் தள்ளினாலே இழுவையின் வேகம் சுமார் பத்தில் ஒன்றாகிவிடும். ஊதும் காற்று அந்த அளவுக்குத் தளர முப்பது விட்ட தூரம் போக வேண்டும். வாக்குவம் கிளீனரின் வாய் கம்பளத்தில் பதிந்தே நகர வேண்டும் என்பது இதனால்தான். வேகமாக இழுத்து ஓட்டினால் சத்தம் மட்டும்தான் மிச்சம். ஒரே இடத்தில் மெதுவாக, முதலில் நீளவாக்கில், பிறகு குறுக்குவாக்கில். சுழலும் தூரிகை இருந்தால் உலுக்கல் வேலையை அது பார்த்துக்கொள்ளும். ஆனால் நூல் பிரிந்து நிற்கும் பழைய கம்பளத்தில், குஞ்சத்தில், தூரிகை போகக் கூடாது.

பிடித்துவைப்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மாலை வெயில் விழும்போது வாக்குவம் கிளீனரை ஓடவிட்டு, அதன் பின்பக்கத்துக் காற்று வெளிவரும் இடத்தைக் கற்றையில் காட்டிப் பாருங்கள். சாதாரணப் பையாக இருந்தால் முன்னால் மணலை விழுங்கிக்கொண்டே பின்னால் கதிர்த்துகளைத் துப்பும். வீடு 'புழுதி வாசனை' அடிக்கும். இதற்குத் தீர்வாக வந்த ஹெப்பா வடிகட்டி, 1940களில் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தில் கதிரியக்கத் துகள்களைப் பிடிக்கும் தேவையிலிருந்து வளர்ந்தது. 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பது அதன் அளவுகோல். அதைவிடச் சிறியவை தப்பிவிடுமே என்று தோன்றும். தப்பாது. பெரிய துகள் வளையத் தெரியாமல் நேராகப் போய் இழையில் மோதும். மிகச் சிறியது காற்று மூலக்கூறுகளின் இடிபட்டுத் தள்ளாடி, எப்படியும் ஓர் இழையில் போய் ஒட்டும். வளையத் தெரிந்த, ஆனால் தள்ளாடத் தெரியாத நடுத்தர அளவுதான் தப்புவதில் கெட்டிக்காரன். அது 0.3 மைக்ரானை ஒட்டி இருக்கிறது. கெட்டிக்காரனைப் பிடித்துவிட்டால் மற்றவர்களைப் பற்றிக் கவலையில்லை.

கம்பளத்துக் காட்டில் உயிருள்ள குடிகளும் உண்டு. 1960களில் நெதர்லாந்தின் லைடனில் வூர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா குழுவினர், வீட்டுத் தூசி ஒவ்வாமைக்குப் பின்னால் இருப்பது ஒரு நுண்ணிய உண்ணி என்று நிறுவினார்கள். மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளம். உணவு, நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில். இந்த உயிரி நம்மைக் கடிப்பதில்லை. தண்ணீர் குடிப்பதும் இல்லை. முன்னங்கால் அருகே சுரக்கும் உப்புக் கரைசலால் காற்றின் ஈரத்தை இழுத்து விழுங்கி உயிர்வாழ்கிறது. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் வற்றிச் சாகும். கடலோரச் சென்னையில் அந்த வாய்ப்பு அபூர்வம். தும்மலையும் இழுப்பையும் கிளப்புவது பெரும்பாலும் அதன் எச்சத்தில் உள்ள ஒரு செரிமான நொதி. எச்ச உருண்டையின் அளவு 10 முதல் 40 மைக்ரான். மேலே போட்ட கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்: சில நிமிஷங்களில் கீழே விழுந்துவிடும் அளவு. சும்மா கிடக்கும்வரை அது தரையில்தான் இருக்கும். பெருக்கும்போதும் குழந்தை குதிக்கும்போதும்தான் மூக்குக்கு ஏறும். ஒவ்வாமை உள்ளவர் அந்தக் கால் மணி நேரம் வேறு அறையில் இருப்பது நல்லது.

உண்ணிக்கு மொட்டை மாடி வெயில் நல்ல மருந்து. சித்திரை வெயிலில் கால் வைக்க முடியாத தளத்துக்கு மேலே, நிறம் வெளுக்காமல் இருக்கக் கம்பளத்தின் முகத்தை உள்பக்கம் மடித்துக் கொடியில் போட்டால், ஈரம் போகும், உண்ணி வற்றும். எச்சம் மட்டும் வெயிலில் சாகாது, அதற்கு உயிர் கிடையாதே. வெயிலுக்குப் பிறகு உறிஞ்சி எடுத்தால்தான் வேலை முடியும். கம்பளத்தை ஈரமாகக் கழுவினால் ஒரு நாளுக்குள் முழுக்கக் காய வேண்டும். மழைக்காலத்தில் ஷாம்பூ போட்டுக் கழுவி அரைக்காய்ச்சலாக விரித்தால் பூஞ்சைக்கும் உண்ணிக்கும் விருந்து வைத்தது மாதிரி. சமையல் சோடாவைத் தூவினால் வாடை குறையும், உண்மைதான். ஆனால் அதுவும் ஒரு நுண்தூள். குதிரில் இன்னொரு மூட்டையைக் கொட்டிவிட்டு வடிகட்டியை அடைத்துக்கொள்வதில் எனக்கு விருப்பமில்லை.

கம்பளத்துக்கு வரும் மண்ணில் பெரும்பகுதி வாசல் வழியாக, காலில் ஒட்டிக்கொண்டு வருகிறது. அதில் குவார்ட்ஸ் மணல் உண்டு. கம்பளியைவிடப் பல மடங்கு கடினம். ஒவ்வொரு மிதிக்கும் அது நூலின் அடியை அரிவாள்மணைபோல அறுக்கும். செருப்பை வாசலில் விடும் நம் வழக்கமும் வெளியே ஒன்று, உள்ளே ஒன்றாக இரண்டு கால்மிதியும் சேர்ந்தால் எந்த இயந்திரத்தைவிடவும் கம்பளத்தை அதிக நாள் காப்பாற்றும். இதெல்லாம் நமக்கு வேண்டாம் என்பவர்களுக்குப் பவானி ஜமுக்காளம் இருக்கிறது. ஊடும் பாவும் தட்டையாகப் படிந்த நெசவு. நிமிர்ந்து நிற்கும் நூலே கிடையாது. குதிரே இல்லாத வீட்டில் நெல் எங்கே தங்கும்? மடித்து எடுத்துப் போய்த் துவைத்துக் காயப்போடலாம்.

நான் இப்போது செய்வது இது. முதலில் விசிறி இறக்கையை ஈரத்துணியால் துடைக்கிறேன். பிறகு கூடத்தின் டைல்ஸ் தரையில் கம்பளத்தைக் குப்புறக் கவிழ்த்துப் போட்டு, முதுகுப்பக்கம் மெதுவாக வாக்குவம் ஓட்டுகிறேன், உள்ளங்கையால் தட்டியும் விடுகிறேன். குதிரின் மேல்வாய் இப்போது தரையைப் பார்த்து இருக்கிறது. பத்து நிமிஷம் கழித்துக் கம்பளத்தைச் சுருட்டினால், டைல்ஸ்மேல் கம்பளத்தின் உருவத்திலேயே மெல்லிய மணல் கோலம் ஒன்று கிடக்கும். ஆறு மாதமாக மேல்பக்கம் மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தபோது ஒரு நாளும் கண்ணில் படாதது. அதை ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, கம்பளத்தை நிமிர்த்தி விரித்து, முகப்பக்கம் இரண்டு ஓட்டு.

கடைசியில் பையைக் கழற்றுவது ஒரு தனிச் சடங்கு. அதைக் குப்பைத் தொட்டிக்கு மேல் உதறினால் மறுபடியும் பழைய கதைதான். ஈரம் தெளித்த செய்தித்தாளில் வைத்துச் சுருட்டி, இறுக்கிக் கட்டிவிடுகிறேன். ஈரம் துகளைத் துகளோடு ஒட்டவைத்துவிடும், பறக்க விடாது. போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பொட்டலத்தோடு படியிறங்கியபோது கீழ்வீட்டு அக்கா வாசலில் நின்றிருந்தார்.

"என்ன தம்பி, கையில?"

"உங்க வேட்டிக்கு வர வேண்டியது, அக்கா."

எடையைப் பார்க்க வாங்கிப் பிடித்துவிட்டு, "அட, இவ்வளவா!" என்று திருப்பிக் கொடுத்தார்.